துடைப்பத்தில் ஒட்டிய செந்தூள்

சாப்பாட்டு வேளை என்றும் பாராமல் ஓர்னெல்லா காவல் நிலையத்துக்குள் பாய்ந்து வந்தாள். கையில் துடைப்பம்.

“இருபத்திரண்டு வருஷமா மியூசியத்தைப் பெருக்குறேன், மார்ஷல்! நேத்து ஜாடியை நான்தான் உடைச்சேன்னு எழுதி வச்சு, வேலையை விட்டே துரத்திட்டாரு அந்த ஃபால்கெத்தி!”

ஃபால்கெத்தி அருங்காட்சியக இயக்குநர். ஜாடி, ரோமர்களுக்கும் முந்தைய எட்ருஸ்கர் மக்களின் கல்லறையில் கிடைத்த கறுப்பு மதுக்குடுவை. இரண்டாயிரத்தறுநூறு வயது. மொந்தெவெர்னா ஊருக்கு வேறு பெருமை கிடையாது.

“திங்கக்கிழமை ரோம்லேர்ந்து அதை எடை போட்டுச் சோதிக்க வர்றாங்க. அதுக்குள்ள உடைச்சிட்டியேக்கா! துடைப்பக்கட்டை பட்டிருக்கும்,” என்றான் உதவிக் காவலன் நெல்லோ.

“டேய், இதே கட்டை உன் முதுகுல படும்! சத்தம் கேட்டுப் பின்பக்கத்துலேர்ந்து ஓடினேன். அவரு துண்டுகளைப் பொறுக்கிட்டிருந்தாரு. தூளைப் பெருக்கச் சொன்னாரு, பெருக்கினேன். அவ்வளவுதான்.”

நிலையத் தலைவரான மார்ஷல் வன்னூச்சி சாப்பாட்டை ஒதுக்கி வைத்தார். துடைப்பத்தின் நுனியில் ஒட்டியிருந்த செந்தூளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைப்பத்தோடு மூவரும் அருங்காட்சியகத்துக்குப் போனார்கள். அங்கே தரை முழுக்கச் சாம்பல் நிறக் கல். மேசைமேல் குடுவை ஒட்டப்பட்டு நின்றது.

“மனசு கேக்கல. நேத்தே ஒட்டிட்டேன்,” என்றார் ஃபால்கெத்தி.

“போட்டோ எடுக்காம எதையும் தொடக்கூடாதுன்னு சுவத்துல எழுதிப் போட்டதே நீங்கதானே, டைரக்டர்?” என்றார் மார்ஷல்.

ஓர்னெல்லா குறுக்கிட்டாள். “பிப்ரவரில சுத்தம் பண்ணணும்னு எடுத்துட்டுப் போனீங்க. திரும்பி வந்தப்ப கனமா இருக்குன்னு சொன்னேன். பெருக்குறவளுக்கு என்ன தெரியும்னு சிரிச்சீங்க!”

மார்ஷல் வெள்ளைத் தாளை விரித்து, அதன்மேல் துடைப்பத்தைத் தட்டினார். செங்கல் நிறத்தில் தூள் உதிர்ந்தது.

“காத்துப் புகாத சூளையில சுட்டது நம்ம ஜாடி. உடைச்சா உள்ளேயும் கறுப்பா இருக்கும். இந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கே தெரியும். இது வெளியில மட்டும் கறுப்புப் பூசின போலி. எடை போட்டா மாட்டிப்பீங்கன்னு நீங்களே உடைச்சீங்க. உள்ளே சிவப்பா இருக்கவும், அது வெளியே தெரியக்கூடாதுன்னு பதறிப்போய் ஒட்டினீங்க. ஆனா தூளை மறந்துட்டீங்க. அது உங்க கண்ணுல படாது, பெருக்குறவ வேலையாச்சே. அசல் எங்கே?”

ஃபால்கெத்தி தொப்பென்று உட்கார்ந்தார். “சூரிக்ல... ஒருத்தர் வீட்ல.”

“செத்தவங்க சாமானை வித்துட்டு, பழியை என் தலையில கட்டினியா?” ஓர்னெல்லாவின் குரலில் மரியாதையெல்லாம் போயிருந்தது. தாளைத் தரையில் கவிழ்த்துவிட்டு, துடைப்பத்தை அவர் கையில் திணித்தாள். “பெருக்கு!”

கைவிலங்கோடு முன்னே வந்த நெல்லோவை மார்ஷல் தடுத்தார்.

“இருடா. அவர் பெருக்கி முடிக்கட்டும்.”