முழுக்கை உடுப்பில் நான்கு பிறைகள்

2008 ஜனவரி 25, வெள்ளிக்கிழமை. காலை 6.40.

"சங்கரிக்கா! சீக்கிரம் வாங்க!"

எதிர்வீட்டுத் தென்றலின் குரல். சப்-இன்ஸ்பெக்டர் சிவசங்கரி காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டபடியே தெருவைக் கடந்தாள்.

கொடியில் இரண்டு வெட்சூட்டுகள் தொங்கின. நாளை மறுநாள் மலை ஏரியில் நீந்தி, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓட வேண்டும். தென்றலுக்கு முதல் டிரையத்லான். ஏரியின் குளிருக்குத்தான் உடம்போடு ஒட்டும் இந்த ரப்பர் உடுப்பு. முழுக்கை ஒன்று, கையில்லாதது ஒன்று. ஒத்துவருவதை வைத்துக்கொள் என்று கோச் இரவல் கொடுத்திருந்தார்.

முழுக்கையின் தொடையில் நான்கு வெட்டுகள்.

"அண்ணன்தாங்க்கா. நான் போறது அதுக்குப் புடிக்கல. போட்டியும் வேணாம், இந்த வூடும் வேணாம். ஹாஸ்டலுக்குப் போறேன்." பை வாசலுக்கு வந்திருந்தது.

அண்ணன் தமிழ்ச்செல்வன் பொம்மைப் பட்டறையில் இரவு வேலை முடித்து ஆறு மணிக்கு வந்தவன். முழங்கை வரை வெள்ளை மண். "இத்தப் போட்டா நீ விரால் மீனாட்டம் இருப்பேன்னு சொன்னேங்க. அவ்ளோதான். தொடவே இல்ல."

"அப்ப முதுகு ஜிப்ப இழுக்கற கயித்துல என்ன வெள்ளையா இருக்குது?" என்றாள் தென்றல்.

சங்கரி அதை விரல்களுக்கிடையில் தேய்த்தாள். சொரசொரத்தது.

தமிழ்ச்செல்வனின் மனைவி பூங்கோதை டீ கொண்டுவந்தாள். நல்லூர்ப் பள்ளியில் அவளும் சங்கரியும் ஒரே பெஞ்சு. நேற்று மாலைகூடச் சங்கரியின் காலுறையில் ஒட்டியிருந்த நாயுருவி விதைகளை, "போலீசுக்காரிக்கு இதுகூட எடுக்க வரல" என்று நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எறிந்தவள்.

"கடைசியா எப்பப் பாத்த?" என்று தென்றலிடம் கேட்டாள் சங்கரி.

"அஞ்சரைக்கு. ஓடப் போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

"நகத்தக் காட்டு."

"புதன்கிழமையே ஒட்ட வெட்டிட்டேன். நகம் பட்டா கிழியும்னு கோச்சு சொன்னாரு."

"தமிழு, உன்னுது?"

அவன் விரல்களை நீட்டினான். "நகம் வச்சிருந்தா பச்ச மண்ணுல கோடு விழுங்க."

சங்கரி டீயை வாங்கவில்லை. டம்ளரைப் பிடித்திருந்த விரல்களையே பார்த்தாள். நல்லூர்க் கிணறு நினைவுக்கு வந்தது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு முதலில் குதிப்பவள் எப்போதும் பூங்கோதைதான். பெரியவளான பிறகு வீட்டில் அவளைக் கிணற்றுக்கு விடவில்லை. தனியாகக் குதித்துப் பார்த்தாள் சங்கரி. நான்கே நாளில் சலித்துப்போயிற்று. கண்டுபிடித்ததைச் சொல்லாமலே போய்விடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வாசலில் தென்றலின் பை இருந்தது.

"பூங்கோத, நீதான்."

பூங்கோதை டம்ளரோடு கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"பிளேடுன்னா நேரா, ஆழமா கிழியும். இது நாலும் பிறையாட்டம் மேல்தோல்ல மட்டும் இருக்குது. கால்ல இழுத்து ஏத்துறப்ப நகம் பதிஞ்சிருக்குது. கயித்துல இருக்கறது பொம்ம மண்ணுன்னா வழுவழுன்னு இருக்கும். இது கோலமாவு. காலையில வாசல்ல கோலம் போட்டது நீ. எல்லாரும் கிழிசலத்தான் பாத்தோம், உன் கையப் பாக்கல. நேத்து சாயங்காலம் நாயுருவி எடுத்த நகம் எங்க? வெள்ளிக்கிழமை காலையில நகம் வெட்டுற ஆளாடி நீ?"

பூங்கோதை டம்ளரைக் கீழே வைத்தாள். "தண்ணியில எறங்கி இருவது வருஷம் ஆச்சு சங்கரி. போட்டுப் பாக்கணும்னு தோணுச்சு. கண்ணாடி முன்னால நின்னு கைய வீசிப் பாத்தேன். அவுக்கறப்பதான் கிழிஞ்சது தெரிஞ்சுது. பயத்துல நகத்த வெட்டிட்டேன். அவரத் திட்டுறப்பவாவது நான் வாயத் தொறந்திருக்கணும்."

தென்றல் உடுப்பின் கிழிசலைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "வீசிப் பாத்தீங்களே அண்ணி, எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"தோள்ல புடிக்குது. நூறு தடவ வீசுனா ஓஞ்சுடுவ. கையில்லாததே எடுத்துக்க."

"தரையில புடிக்கும், தண்ணியில எளகும்னு கோச்சு சொன்னாரே."

"எறங்கிப் பாத்தாத்தான தெரியும்?"

"அப்ப எறங்குங்க. ரெண்டு பேருக்கும் ஒரே அளவுதான். கிழிசல நான் பசை வச்சு ஒட்டிக்கறேன்."

"அவ நகம்தான் இல்லியே, இனிமே கிழியாது" என்றான் தமிழ்ச்செல்வன்.

காலை 7.30. ஊருக்கு வெளியே வயல் கிணறு.

தென்றல் படியில் நின்று கை நீட்டினாள். முழுக்கை உடுப்பில் இருந்த பூங்கோதை அந்தக் கையைப் பார்க்கவே இல்லை. மேட்டில் ஏறி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். சங்கரியின் காக்கி தொப்பலாக நனைந்தது.

தலை மேலே வந்தது. கிணற்றை இரண்டு சுற்று நீந்தினாள்.

"எதுங்கண்ணி? முழுக்கையா, கையில்லாததா?"

பூங்கோதை முகத்தை வழித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"இன்னொரு தடவ குதிச்சாத்தான் சரியாச் சொல்ல முடியும்."