விசிறி நின்ற பிறகும்

விசிறி நின்றுவிட்டது, சத்தம் மட்டும் ஒரு கணம் பிந்தித்தான் நின்றது. கொட்டாரத்து ஒர்க்‌ஷாப்பில் அதைக் கவனித்தவள் பிரீனா மட்டும்தான்.

மெக்கானிக் சிலுவைதாசன் பானெட்டுக்குள் குனிந்து, ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்த விசிறியைக் கையால் அசைத்துப் பார்த்தார். ஆடியது.

"பேரிங் தேஞ்சு போச்சு டீச்சர். றெக்கை கூட்டுல உரசுது. அதாக்கும் இந்தக் கரகரப்பு. மோட்டாரோட புதுசு மாத்தினா தீந்துது."

மாற்றினார். புது விசிறி ஓடுவதே தெரியவில்லை. கணவன் ஜெபசீலன் குவைத்திலிருந்தபடியே ஆள்விட்டு வாங்கித் தந்த பழைய காரில் முதன்முறையாக நிம்மதியோடு ஏறி அமர்ந்தாள்.

அஞ்சுகிராமம் சாலையில் இருட்டும் மழையும் சேர்ந்தே இறங்கின. இருபுறமும் வயல்கள் நீரில் மூழ்கிக் கிடக்க, சேற்று வாடையும் நனைந்த வைக்கோலின் புளித்த மணமும் மூடிய கண்ணாடிகளைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தபோது, வைப்பரின் தாளத்துக்கு அடியில் அது மறுபடி கேட்டது. கர்ர்... கர்ர்... முன்பு போல விடாமல் அல்ல. இடையிடையே நின்று, களைப்பாறிவிட்டுத் தொடர்வதைப் போல.

ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். சத்தம் அணையவில்லை. சிலுவைதாசனை அழைத்தாள்.

"சூடா இருந்தா ஆஃப் பண்ணினாலும் ஃபேன் கொஞ்சம் ஓடும் டீச்சர். பயப்படாதீங்க. வேணும்னா திறந்து பாருங்க."

இணைப்பைத் துண்டிக்காமல் குடையோடு இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். டார்ச் வெளிச்சத்தில் விசிறி அசையாமல் இருந்தது. சத்தமும் இல்லை. சிரிப்பு வந்தது அவளுக்கு. மூடிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

கர்ர்.

"ஃபேன் நின்னுட்டா டீச்சர்?"

"நின்னுட்டு அண்ணே."



"பின்ன எனக்கு எப்படி அந்தச் சத்தம் இப்பமும் கேக்குது?"

அவள் டேஷ்போர்டைப் பார்த்தாள். அதற்குப் பின்னால்தான். முழங்காலுக்கு மிக அருகில்.

"டீச்சர், வண்டிய விட்டு இறங்குங்க. இப்பமே இறங்குங்க."

கைப்பிடியை இழுத்தாள். கதவு திறக்கவில்லை. பூட்டு மேலே எழும்பி, தானாகவே அமுங்கியது. மறுபடி இழுத்தாள். மறுபடி அமுங்கியது. கண்ணாடி இறங்கவில்லை. தாவி அந்தப் பக்கக் கதவை இழுத்தாள். அதுவும் திறக்கவில்லை. போன் ஊமையாகிவிட்டிருந்தது. ஹாரனை அழுத்தினாள். அதுவும் ஊமை. கண்ணாடியைக் குடைக்காம்பால் அடித்தாள். காம்புதான் வளைந்தது. வெளியே ஒரு லாரி நீரை வாரியடித்துக்கொண்டு கடந்து போயிற்று.

ஏசி துவாரத்திலிருந்து காற்று வந்தது. ஏசி ஓடவில்லை.

வெதுவெதுப்பான காற்று. வந்தது. நின்றது. வந்தது.

கர்ர். கர்ர். கர்ர்.

இப்போது இடைவெளியே இல்லை. அவசரம்.

துவாரத்தின் பிளாஸ்டிக் பட்டைகளில் ஒன்று உள்ளிருந்து வளைந்தது. முறிந்தது. அடுத்தது. அடுத்தது. பிரீனா இருக்கையோடு ஒட்டிக்கொண்டாள். கத்தினாள். அவள் குரல் கண்ணாடிகளுக்குள்ளேயே சுற்றி அவளிடமே திரும்பியது.

நான்கு விரல்கள் வெளியே வந்தன. நகங்கள் இல்லை. சுரண்டிச் சுரண்டி நுனிகளில் எலும்பு வெளுத்திருந்தது. குருடனைப் போல ஸ்டீயரிங்கைத் தடவின. கியரைத் தடவின. அவள் மணிக்கட்டைத் தொட்டதும் நின்றன.

சுரண்டல் ஓய்ந்தது.

விரல்கள் மூடிக்கொண்டன. பிறகு, மிக மெதுவாக, அவள் கையை அந்தத் துவாரத்துக்குள் இழுக்கத் தொடங்கின.