விட்டுப்போன ஒரு பெயர்

'டக்'கென்று மைக் அணைந்தது.

மணிமொழி தியாகிகள் பட்டியல் தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். பந்தல் ஓரத்தில், ஆம்பிளிஃபயர் பெட்டிக்குப் பக்கத்தில் மைக் செட்காரன் நின்றிருந்தான். தூங்காத கண்கள்... அதில் இருந்தது கோபமா, வேறேதாவதா?

"இந்தப் பக்கத்துத் தியாகிங்க அவ்வளவுதானா டீச்சர்?"

"லிஸ்ட்ல இருக்கறதத்தான் படிக்கிறேன். மைக் போட வந்தவரு மைக்க மட்டும் பாருங்க!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே சுருக்கென்றது. அவன் சுவிட்சைப் போட்டுவிட்டுத் திரும்பி நின்றுகொண்டான்.

சுதந்திரப் பொன்விழாவுக்கு இரண்டே நாள். தா.பழூருக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்தது ஜூனில். பள்ளி விட்டால் வாடகை அறை, ஒரு ஆளுக்கு உலை. உடையார்பாளையத்தில் அண்ணன் வீடு இருந்தது. அவளை எதிர்பார்க்கத்தான் அங்கே யாருமில்லை.

ஒத்திகை முடிந்ததும் சின்னம்மாள் டீச்சர் அருகில் வந்தாள்.

"அவன் அறிவரசன். அவங்கப்பா விக்கிரமங்கலத்து ராசாங்கம், ஒரு பண்ணையில கூலி வேல பாத்தவரு. நாப்பத்திரண்டுல கொடி புடிச்சு ஆறு மாசம் ஜெயில்ல கெடந்தாரு. தியாகி சர்ட்டிபிகேட்டு எதுவும் வாங்கி வைக்கல, அதான் லிஸ்ட்ல பேரு இல்ல. போன மாசியில போய்ச் சேந்துட்டாரு. இப்ப இவன் ஒண்டிக்கட்ட."

ஒண்டிக்கட்டை... அன்று மணிமொழிக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் சாயங்காலம், தூறலில், பள்ளிக்கு எதிரிலிருந்த அவன் மைக் செட் கடைக்குப் போனாள். ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"நேத்து நான் பேசுனது தப்புங்க... ஒங்கப்பா பேரையும் நான் படிக்கிறேன்."

"பாவம் பாத்துப் படிக்க வேணாம் டீச்சர். மழ வலுக்குது, போங்க."

கையில் இருந்த குடையை விரிக்கத் தோன்றாமலே அறைவரை நடந்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து. கொடி ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். தாளில் இருந்த கடைசிப் பெயரையும் படித்து முடித்த மணிமொழி மைக்கை விட்டு நகரவில்லை.

"விக்கிரமங்கலம் ராசாங்கம்... பண்ணைக் கூலியாள். ஆறு மாதம் சிறை."

பின்வரிசையில் யாரோ கைதட்ட, கூட்டமே தட்டியது. அறிவரசன் மட்டும் தட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

தலைமையாசிரியர் குழந்தைவேல் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"லிஸ்ட்ல இல்லாத பேர யாரக் கேட்டுப் படிச்சீங்க? எழுத்துமூலமா பதில் குடுங்க!"

"குடுக்கறேன் சார்."

கூட்டம் கலைந்தது. மிட்டாய்க் காகிதங்கள் காற்றில் உருண்டன. ஸ்பீக்கரை இறக்கி வைத்துவிட்டு அவன் அருகில் வந்தான்.

"எதுக்கு டீச்சர் எனக்காக வம்ப வெலைக்கு வாங்குனீங்க?"

"ஒங்களுக்காக இல்ல. அவரு நெசமாவே ஜெயிலுக்குப் போனவரு, அதுக்காக."

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா போனதுலேர்ந்து வூட்டுக்குப் போவவே புடிக்கலங்க. கடையிலயே படுத்துக்கறேன்... எதிர்லதான ஒங்க ஸ்கூலு? காலையில பிரேயர்ல ஒங்க கொரலு கேக்கும். ஒரு நாளு நீங்க லீவு போட்டீங்க. அன்னிக்கித்தான் புரிஞ்சுது... நான் அதுக்காகத்தான் எந்திரிக்கிறேன்னு."

அவள் கையிலிருந்த தாளை மடித்தாள்.

"இத மனசுல வச்சுக்கிட்டா என்னை மழையில வெரட்டுனீங்க?"

"பயமா இருந்துச்சுங்க."

"எனக்கும்தான்..." அவள் குரல் தழுதழுத்தது. "வெரட்டுன மனுசனயே ராத்திரி பூரா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேனே... எனக்குப் பயமா இருக்காதா?"