ஒட்டடைக் கம்பு மரம்

நர்சரியில் இரண்டே இரண்டு ஆலிவ் கன்றுகள் மிச்சம் இருந்தன. ஒன்று அப்பாவின் தோள் உயரம். இன்னொன்று அளவுகோலின் இடுப்புக்குக்கூட வரவில்லை.

அளவுகோல் என்பது ஒரு பத்து வயதுப் பெண். எதைப் பார்த்தாலும் அளந்து பார்ப்பாள் என்பதால் தம்பி வைத்த பட்டப்பெயர் அது.

"உசரமா இருக்கிறதையே எடுத்துடலாம்," என்றார் அப்பா.

அவள் குனிந்து அதன் தொட்டியின் அடியைப் பார்த்தாள். "வேண்டாம்ப்பா. இதோட வேர் ஓட்டை வழியா வெளிய வந்து சுருண்டு கிடக்கு. உள்ள இடமே இல்ல. குட்டையோட தண்டு எவ்ளோ தடியா இருக்கு பாருங்க!"

நர்சரிக்கார அம்மா சிரித்தார். "கெட்டிக்காரிதான்! குட்டையவே எடுத்துக்க. தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் படணும். வேர்ல தண்ணி தேங்கக் கூடாது. அவ்ளோதான்."

வரும் வழியில் அப்பா கறாராகச் சொன்னார். "இது நாலாவது செடி. மூணு ஏற்கெனவே செத்துப் போச்சு. இதுவும் போச்சுன்னா, தோட்டத்துக்கு சிமென்ட் போட்டு வண்டி நிறுத்தப் போறேன்."

அளவுகோல் கன்றின் தொட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீடு வந்ததும் அப்பா குழாயடியில் குழி வெட்டினார். தண்ணீர் ஊற்ற அதுதான் சுலபமாம்.

"செத்துப்போன மூணும் இங்கதானேப்பா இருந்துச்சு?"

"ஆமா. ஏன்?"

அவள் குழாயைத் திறந்தாள். குழியில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள். சாயங்காலம் வந்து பார்த்தால், தண்ணீர் பெரும்பாலும் அப்படியே நின்றது.

அப்பா தலையைச் சொறிந்தார். "மீன் வளர்க்கலாம் போலிருக்கே! அப்போ எங்கதான் நடுறது?"

"கண்டுபிடிக்கிறேன். ரெண்டு நாள் டைம் குடுங்க."

மறுநாள் விடுமுறை. தோட்டத்தை ஒரு தாளில் வரைந்துகொண்டாள். மணிக்கொரு தடவை வெளியே போய், வெயில் எங்கெல்லாம் விழுகிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி வைத்தாள். ஒரே ஓர் இடத்தில்தான் ஆறு புள்ளிகளுக்கு மேல் சேர்ந்தன. அது துணிக்கொடி கட்டியிருந்த இடம்.

"அது என் இடம்டி!" என்றார் அம்மா. "நல்லா வெயில் படுதுன்னுதானே அங்க கொடி கட்டினேன்? மரம் வந்து நிழல் விழுந்தா துணி எப்படிக் காயும்?"

அதுவும் நியாயம்தான். அளவுகோல் ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை யோசித்துக்கொண்டே சாப்பிட்டாள்.

அடுத்த நாளும் விடுமுறை. காலையில் ஒரு வாளி மணலில் ஒட்டடைக் கம்பை நட்டு, கொடியின் கிழக்குப் பக்கம் வைத்தாள். உச்சியில் பரந்திருந்த தூரிகை குட்டி மரம்போலவே இருந்தது.

தம்பி உள்ளே ஓடினான். "அம்மா! நம்ம தோட்டத்துல ஒட்டடைக் கம்பு முளைச்சிருக்கு!"

அதன் நிழல் அப்பாவின் ஈரச் சட்டையில் விழுந்தது. காலையில் சூரியன் கிழக்கே இருந்தால், நிழல் மேற்கேதானே விழும்! வாளியைக் கொடியின் மேற்கு முனைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அங்கிருந்தும் மூன்றடி தள்ளி வைத்தாள். இப்போது நிழல் மதில் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. துணிகளெல்லாம் வெயிலில் பளபளத்தன. சூரியன் மேலே ஏறியதும் துணிகளின் நிழலும் கம்பைத் தொடவில்லை.

"சாயங்காலம் நிழல் திரும்பி வந்து துணி மேல விழுமே?" என்று மடக்கினான் தம்பி.

"விழட்டும்டா! அதுக்குள்ள துணி காஞ்சு, மடிச்சு, அலமாரிக்கே போயிருக்கும்."

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சரி, நடுங்க! ஆனா என் ஒட்டடைக் கம்பைத் திருப்பிக் குடுத்துடணும்."

அங்கே வெட்டிய குழியில் ஊற்றிய தண்ணீர் அரை மணி நேரத்தில் காணாமல் போனது. கன்று குழியில் இறங்கியது. நால்வரும் மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு காலையில் அப்பா தோட்டத்திலிருந்து கத்தினார். வாயில் பல் துலக்கும் பிரஷ். "ஓடி வா! ஏழு இலை துளிர்த்திருக்கு! நேத்து அஞ்சுதான்! மேல பச்சை, அடியில வெள்ளி மாதிரி மின்னுது!"

அளவுகோல் ஓடி வந்தாள். "மெதுவாப் பேசுங்கப்பா! நுரையெல்லாம் செடி மேல தெறிக்குது!"