காதுப்பாறை

மெர்வும் டோரீனும் காதுப்பாறைக்கு வந்து சேர்ந்தபோது பகல் மூன்று மணி. அந்தப் பாலை நிலத்தில் ஜனவரிதான் உச்சக் கோடை; வெயிலில் செம்மண் கொதித்தது. சூடேறிய கல்லின் வாடை.

ஆறு வருடங்களுக்கு முன்பு இந்தப் பாறைக்கடியில்தான் அவர்களுடைய மகள் லின்னியின் உடல் கிடைத்தது. பத்தொன்பது வயது. தனியாக வந்தவளுடைய வண்டி பழுதாகி, தண்ணீரும் தீர்ந்துபோயிருந்தது. வருடாவருடம் மெர்வ் மட்டும் வந்துபோவார். இந்த முறை டோரீனும் வருவதாகச் சொல்லி ஏறிக்கொண்டாள்.

காற்று குடைந்து காதுமடல் போல் வளைத்த பாறை அது. ஒரு முனையில் கிசுகிசுத்தால் அறுபது அடி தள்ளி மறுமுனையில் தெளிவாகக் கேட்கும். டோரீன் வண்டியில் தூங்குகிறாள் என்று நினைத்து மெர்வ் ஒரு முனைக்குப் போனார். அவளோ நிழல் தேடி மறுமுனையில் உட்கார்ந்திருந்தாள்.

அவர் குரல் அவள் காதருகே வந்தது.

"ரேடியோல கூப்பிட்டியேம்மா, வந்து கூட்டிட்டுப் போங்கன்னு. சொல்லச் சொல்லக் கேக்காமப் போனல்ல, நடந்தே வான்னுட்டேன். கொஞ்சம் கழிச்சு வரலாம்னுதான் இருந்தேன். கண்ணசந்துட்டேன்மா."

அன்றைக்கு வண்டியிலிருந்து வீட்டுக்குப் பேசும் ரேடியோ வேலை செய்யவில்லை என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

டோரீனுக்கு அழுகை வரவில்லை.

அதுவரை சுற்றி மொய்த்த ஈக்களின் இரைச்சல் சட்டென்று நின்றது.

"தண்ணி இருக்காப்பா?"

வறண்டு, வெடித்த குரல். வளைவின் நடுவிலிருந்து.

மெர்வ் தடுமாறி ஓடிவந்தார். "டோரீன், நீயா பேசின?"

"இல்ல."

அவர் முகம் வெளுத்தது. அவள் அவரையே பார்த்தாள்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, மெர்வ்."

"சொன்னா நீயும் போயிடுவேன்னு பயந்தேன்."

அவள் புட்டியைத் திறந்து, பாறையின் நடுவிலிருந்த குழியில் தண்ணீரை ஊற்றினாள்.

தண்ணீர் குறைந்தது.

கொஞ்சம் நின்றது. மறுபடி குறைந்தது.

மடக்கு மடக்காக.

குழி காயும்வரை இருவரும் அசையவில்லை.

திரும்பும் வழியெல்லாம் டோரீன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டு வாசலில் வண்டி நின்றதும் பிப்பா ஓடிவந்தது. மூன்று வயது நாய். லின்னியைப் பார்த்ததே இல்லை. அது இருவரையும் கண்டுகொள்ளவில்லை. காலியான பின்னிருக்கையைப் பார்த்து வாலாட்டியது. பிறகு யாருடனோ ஒட்டி நடப்பதுபோல், அடிக்கடி அண்ணாந்து பார்த்தபடி, மெல்லக் கதவை நோக்கிப் போனது.

மெர்வ் வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி விம்மினார்.

டோரீன் முந்திப் போய்க் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று வழிவிட்டாள். நாய் உள்ளே போய், நடையின் கோடியிலிருந்த மகளின் அறைக்குள் நுழைந்தது.

அங்கே, ஓர் ஆள் உட்காரும் பாரத்தில், கட்டில் கிறீச்சிட்டு அமுங்கும் சத்தம் கேட்டது.