விரிப்பின் மறுமுனை

மருத்துவமனையின் பின்பக்கம், காலி சிலிண்டர்கள் அடுக்கிய கொட்டகையைத் தாண்டினால் நீளமாக ஒரு பழைய கட்டடம். நல்ல மத்தியான வெயில். குழாயடியில் ஒரு நர்ஸ் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்தக் கிழவனுக்கு அந்த இடத்தைப் பார்த்ததுமே மூளை கலங்கிவிட்டது என்பீர்கள்.

"இதான் அவர் வேலை பாத்த இடம்," என்றாள் டீச்சர்.

டீச்சர் என் சின்ன வயதுச் சிநேகிதி. வாழ்நாளில் யாருக்கும் பாடம் எடுத்தவளில்லை. முதல் வகுப்பிலேயே பக்கத்துப் பையனைச் சட்டைப் பித்தானை ஒழுங்காகப் போடச் சொல்லி அதட்டினாள், அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. எனக்கு அவள் வைத்த பெயர் மூக்கு. நான் குற்றப்பிரிவில் துப்பறிவாளனாகி, ஓய்வும் பெற்று, தலை பூராவும் நரைத்த பிறகும் அவளுக்கு மூக்குதான். அவள் கணவரை மச்சான் என்று கூப்பிடுவேன். அந்த மச்சானைத்தான் காணவில்லை.

மழை தொடங்கிய வாரத்தில் "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போன மனுஷன் திரும்பவில்லை. இன்ஸ்பெக்டர், நேற்று முளைத்தவன், "வயசானவங்க சார், மறதியில எங்கயாச்சும் போயிருப்பாங்க" என்று டீ குடித்துக்கொண்டே சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறதியாம்! நான் என்றோ அவரிடம் வாங்கிப்போய்த் தொலைத்த குடையைக் காணாமல்போகிற வரை விடாமல் கேட்ட ஆள் மச்சான்.

டீச்சர் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"உசுரோட இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, எங்க இருக்கார்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுடா," என்றாள். "தெனம் வாசக்கதவைத் தாழ்ப்பாள் போடாமதான் படுக்கிறேன். வந்து தட்டி, நான் அசந்து தூங்கிட்டா என்ன பண்றதுன்னு. ஒரு ராத்திரி கதவைச் சாத்திட்டுத் தூங்கணும் எனக்கு."

அவள் கேட்டது அவ்வளவுதான். செய்து கொடுக்கிறேன் என்றேன்.

அலமாரியில் தொங்கிய மச்சானின் சட்டைகளை எடுத்து முகர்ந்தேன். டீச்சர் பூவாசம் வரும் சோப்பில் துவைப்பவள். சட்டைகளிலோ பிளீச்சிங் பவுடரும் நீராவியில் வெந்த பருத்தியும் நாறின. மச்சான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் நாற்றம். அந்தச் சலவைக்கூடத்தை மூடி, துணியெல்லாம் வெளியே கான்ட்ராக்டில் போகத் தொடங்கி வெகு காலமாகிறது. அதற்குப் பிறகு வாங்கிய சட்டையிலும் அந்த நாற்றம் எப்படி வரும்? அதைக் கேட்கத்தான் அங்கே போய் நின்றோம்.

காவலாளி நாற்காலியில் சாய்ந்து காது குடைந்துகொண்டிருந்தார். மச்சானைப் பற்றிக் கேட்டதும் குச்சியைக் கீழே போட்டார்.

"தெனம் மத்தியானம் வருவார் சார். பழைய ஆளு, பொழுது போகலன்னு நெனச்சு நானும் உள்ள விட்டுருவேன்."

"இதை ஏன்யா போலீஸ்ல சொல்லல?"

"யார் சார் கேட்டா? வந்தாங்க, எட்டிப் பாத்தாங்க, யாருமில்லன்னு போயிட்டாங்க."

"உள்ள என்ன பண்ணுவார்?" என்று கேட்டாள் டீச்சர்.

"விரிப்பு மடிப்பார்ம்மா." காவலாளி கட்டடத்தைப் பார்க்காமல் பேசினார். "ஆஸ்பத்திரி விரிப்பு பெரிசு, ஒத்த ஆளா மடிக்க முடியாது. ஆளுக்கு ரெண்டு முனையப் பிடிச்சு உதறி, எதிர எதிர நடந்து வந்து கையில குடுக்கணும். அவருக்கு ஜோடியா ஒரு ஆள் இருந்தார். பூட்டப்போற வருஷம் அந்தத் துணி காயவைக்கிற ட்ரையர் பக்கத்துலயே மாரடைப்பு வந்து போயிட்டார். அதனால நான் ஒருநாள் வெளையாட்டா கேட்டேன், தனியா எப்படிண்ணே மடிக்கிறீங்கன்னு. தனியான்னு யார் சொன்னான்னார்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் கேக்கல சார். எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் வெயிலிலேயே நின்றுகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், முழுச் சிரிப்பு வரவில்லை.

உள்ளே மின்சாரம் இல்லை. ஜன்னல்களுக்கு வெளியிலிருந்து தகரம் அடித்திருந்தார்கள். கதவைத் திறந்த வெளிச்சம் கொஞ்ச தூரம் தரையில் போய், அதற்குமேல் முடியாமல் நின்றுவிட்டது. டார்ச்சை அடித்தேன். ஆள் உயர வாஷிங் மெஷின்கள் வட்டக் கதவுகளைத் திறந்தபடி வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் மேலும் விரல் அழுந்தும் அளவுக்குத் தூசி.

"இதைக் கொஞ்சம் பிடிடா," என்று கைப்பையை என் தோளில் மாட்டிவிட்டு டீச்சர் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பிளீச் நெடி கண்ணை எரித்தது. அதோடு வெக்கையும் இருந்தது. இத்தனை நாள் பூட்டிய கட்டடம் சில்லென்றுதானே இருக்க வேண்டும்? பாய்லரைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லிட்டுக் கிடந்தது. வெக்கை வேறெங்கிருந்தோ, கட்டடத்தின் கோடியிலிருந்து வந்தது.

கோடியில் மடிக்கிற மேஜை. நீளமான, தகரம் போர்த்திய மேஜை. அதன்மேல் மடித்த விரிப்புகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒன்றில்கூட தூசி இல்லை.

நான் ஒன்றின்மேல் கையை வைத்தேன்.

சூடாக இருந்தது.

"டீச்சர், வெளிய போ," என்றேன்.

"எதுக்கு?"

"சொல்றதைக் கேளு. நான் ஆள் கூட்டிட்டு வரேன்."

அவள் என்றைக்குக் கேட்டாள், அன்றைக்குக் கேட்க? மேஜையின் ஓரத்தில் மடிக்காத விரிப்பு ஒன்று கிடந்தது. பாதி மேஜையில், பாதி தரையில் வழிந்து, கடைசியில் நின்ற இரண்டு ட்ரையர்களுக்கு நடுவே இருட்டுக்குள் போயிருந்தது. அவள் அதன் பக்கம் போய் நின்று, வீட்டில் அடுத்த அறையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

"ஏங்க?"

இருட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இங்கதான் இருக்கீங்களா?"

விரிப்பு நகர்ந்தது.

எலி என்று நினைத்தேன். எலியாக இருக்க வேண்டுமே என்று நினைத்தேன். டீச்சர் குனிந்து தன் பக்கத்து இரண்டு முனைகளையும் எடுத்தாள். பயந்தவள் எடுப்பதுபோல இல்லை. கொடியிலிருந்து வந்த துணியைத் தினமும் எடுக்கிற கை அது.

மறுமுனை எழுந்தது.

காற்றில் மிதக்கவில்லை. மிதந்திருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன். இரண்டு முனைகளும் சமமாக, ஆள் உயரத்தில், இறுக்கமாக நின்றன. யாரோ பிடித்திருந்தார்கள். மறுமுனை ஒருமுறை பட்டென்று உதறியது. டீச்சர் பதிலுக்கு உதறினாள். அந்தச் சத்தம் மெஷின்களின் வயிற்றுக்குள்ளெல்லாம் போய்த் திரும்பி வந்தது.

"விடு! கீழே போடு அதை!"

"கத்தாதடா," என்று கிசுகிசுத்தாள். முகம் மலர்ந்திருந்தது. இத்தனை நாளில் முதல் தடவை. "அவர்தான். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வீட்டுப் போர்வையெல்லாம் நாங்க ரெண்டு பேரும்தான் மடிப்போம். ரெண்டு உதறு உதறிட்டு இடது பக்கமா ஒரு இழுப்பு இழுப்பார் பாரு."

மறுமுனை இரண்டாவது முறை உதறியது. பிறகு இடது பக்கம் இழுபட்டது.

டார்ச்சை அந்தப் பக்கம் திருப்பினேன். விரிப்பு திரைபோல நடுவில் நின்றதால் ஆள் தெரியவில்லை. அதன் மேல் விளிம்பில் விரல்கள் மட்டும் தெரிந்தன. வெகுநேரம் தண்ணீரில் ஊறியதுபோல வெளுத்துச் சுருங்கிய விரல்கள். நகமே இல்லை.

முதல் மடிப்பு முடிந்தது. டீச்சர் ஓர் அடி முன்னால் வைத்தாள்.

மறுமுனையும் ஓர் அடி முன்னால் வந்தது.

நான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். உள்ளதைச் சொல்கிறேன், கைதிகளைத் தரதரவென்று இழுத்துவந்தவன் நான். அறுபது வயது தாண்டிய அந்த மெலிந்த உடம்பை ஓர் அங்குலம் நகர்த்த முடியவில்லை. அவள் தோள் இஸ்திரிப் பெட்டிபோலச் சுட்டது. வலி பொறுக்காமல் கையை எடுத்துவிட்டேன்.

"அது மச்சான் இல்ல, டீச்சர். தயவுசெஞ்சு சொல்றேன். உன் கால்ல வேணா விழறேன். மச்சானா இருந்தா உன்ன இங்க கூப்பிடுவாரா?"

அவள் அப்போதுதான் தயங்கினாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைய நீர். அவளுக்கும் தெரிந்திருந்தது என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

"இருக்கலாம்டா," என்றாள். "ஆனா வீட்டுக்குப் போனா அங்க யாருமில்ல."

இரண்டாவது மடிப்பு.

இன்னோர் அடி.

விரிப்புக்கு அப்பாலிருந்து மூச்சு வந்தது. ஈரமான, வெந்த மூச்சு. ஒன்றல்ல. ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையில் நிற்பவர்கள் விடுவதுபோல.

"நீ கண்டுபிடிச்சுக் குடுத்துட்ட, மூக்கு," என்றாள் டீச்சர். "போதும். நீ போ."

கடைசி மடிப்புக்கு இரண்டு பேரும் கை தொடும் தூரத்துக்கு வந்துவிட வேண்டும். அவள் தன் முனையைக் கொடுக்கக் கையை நீட்டினாள். வெளுத்த விரல்கள் முனையைத் தொடவில்லை. மணிக்கட்டைப் பிடித்தன.

டார்ச் என் கையிலிருந்து நழுவி உருண்டது.

எடுத்து அடித்தபோது மேஜைமேல் ஒரு விரிப்பு அதிகமாக இருந்தது. ஓரம் ஓரத்தோடு சேர்த்துக் கச்சிதமாக மடித்தது. டீச்சர் இல்லை. ட்ரையர்களுக்கு நடுவே வெறும் சுவர். அதில் ஓடிப்போய் இரண்டு கையாலும் அடித்தேன், பெயர் சொல்லிக் கத்தினேன். காவலாளி வந்து என்னை இழுத்துப்போகும் வரை கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டர் இந்த முறை டீ குடிக்கவில்லை. கட்டடத்தை இடிக்காத குறையாகத் தேடினார்கள். பிறகு அவள் கைப்பையை என் முன்னால் வைத்து, இது எப்படி உங்க தோள்ல இருந்துச்சு என்று திருப்பித் திருப்பிக் கேட்டான். அவன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆதாரம் இல்லாததால் விட்டுவிட்டார்கள்.

டீச்சர் வீட்டு வாசற்கதவை நான்தான் போய்ப் பூட்டினேன்.

தனியாக இருக்கப் பயந்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். அக்காவுக்கு எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு என்மேல் ஒரே ஒரு புகார்தான்: தின்றுவிட்டுத் தூங்குகிறேன், வீட்டில் ஒரு துரும்பை எடுத்துப் போடுவதில்லை.

இன்று சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மொட்டைமாடியிலிருந்து அக்கா கத்தினாள்.

"டேய்! துணியெல்லாம் நனையப்போவுது. வந்து இந்தப் போர்வைய ஒரு பக்கம் பிடி!"

"அப்படியே சுருட்டி எடுத்துட்டு வா அக்கா," என்று கீழேயிருந்து குரல் கொடுத்தேன். அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. பிறகு வெட்கமாகிவிட்டது. படி ஏறினேன். மாடிக்கதவை எட்டுவதற்கு முன்பே அக்காவின் குரல் கேட்டது, கோபமெல்லாம் தணிந்து.

"அப்பாடி, வந்துட்டியா. நல்லா இறுக்கிப் பிடி. ம், இப்ப ஒரு அடி கிட்ட வா."

கதவருகே வந்து நின்றேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். போர்வை அவள் முகத்துக்கு நேரே உயர்ந்து நின்றது.

மறுமுனை இடது பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தது.