படம் வராத பிராசஸர்

படம் வந்திருக்கவே கூடாது. அதுதான் முதல் கோளாறு. இரண்டாவது மானிட்டரின் கேபிளை அவள் மதர்போர்டின் பின்பக்கத் துளையில் செருகியது தம்பியின் மேல் இருந்த கடுப்பில்தான். அங்கே செருகினால் ஒன்றும் வராது, இவர்கள் வாங்கியிருக்கும் பிராசஸருக்குள் படம் காட்டும் பகுதியே கிடையாது என்று அவன் ஒரு வாரமாகப் பாடம் எடுத்திருந்தான். செருகிவிட்டு, ஒட்டடையும் தூசியும் அப்பிய தலையை மேசைக்கு அடியிலிருந்து வெளியே இழுத்தபோது, கேபினட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த விசிறி சட்டென்று நின்று, எதையோ யோசித்துவிட்டு மறுபடி சுழன்றது. கறுப்பாக இருந்த திரை மெல்லச் சாம்பல் நிறமாக வெளுத்தது.

"வராதுன்னான். வருதே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் மூக்கை உடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

அந்தப் பிராசஸரை வாங்கியதே ஒரு பெரிய ரகளை. அவளுக்கு வேலை வீட்டிலிருந்துதான். ஒரு பயண முன்பதிவு நிறுவனத்துக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுத வேண்டும். ஒரே சமயத்தில் நாலு பேரோடு சாட், காதில் ஒருவர், பக்கத்தில் டிக்கெட் விவரம். பழைய கம்ப்யூட்டர் இதில் இரண்டைத் திறந்தாலே உறைந்துபோய் உட்கார்ந்துவிடும். தம்பி காலையில் மருந்து மொத்தக் கடையில் பெட்டி கட்டப் போவான். மாலை ஐந்து மணிக்கு அவள் எழுந்ததும் அதே நாற்காலியில் அவன் கேம் விளையாட உட்காருவான். ஆறு கோர் உள்ளது போதும், என் கேமுக்கும் தாங்கும், உன் சாட் ஜன்னல்களுக்கும் தாங்கும் என்றான். அதிலேயே இரண்டு வகை இருந்தது. படம் காட்டும் பகுதியோடு வருவது கொஞ்சம் விலை கூட, அது இல்லாதது மலிவு. "நம்மகிட்டதான் பழைய கார்டு இருக்கே, படத்த அது பார்த்துக்கும்," என்று மலிவானதையே பிடித்த பிடியில் நின்று வாங்கினான். அந்தப் பழைய கார்டிலோ ஒரே ஒரு துளைதான் உயிரோடு இருந்தது. அவளுக்கு மிகவும் தேவைப்பட்ட இரண்டாவது மானிட்டர் வெட்டியாக நின்றது. ஒரு வாரம் பொறு என்றான். இந்த வீட்டில் எப்போதும் பொறுக்க வேண்டியது அவள்தான்.

சாம்பல் நிறம் தெளிந்து ஓர் அறையாக மாறியது. இதே அறை. மானிட்டரின் இடத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி, முன்னால் மேசை, மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி, அதன் முதுகுக்குப் பின்னால் பாதி திறந்த கதவு, கதவுக்கு அப்பால் வெளிச்சம் எட்டாத நடை. நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். கருநீல டீ-ஷர்ட், காதில் ஹெட்போன், வாய் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. விளையாடும்போது கூட்டாளிகளை அவன் வாய்க்கு வந்தபடி திட்டுவது வழக்கம்தான். ஆனால் மணி காலை பதினொன்று. அவன் கடையில் இருந்தான்.

தன்னையே படம் பிடித்து எங்கோ சேமித்து வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். இந்த அறையில் கேமராவே இல்லை என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

மாலையில் அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"இதுல எதுக்குடா உன்னையே ரெக்கார்ட் பண்ணி வச்சிருக்க?"

"எதுல?"

அவள் திரையைக் காட்டினாள். அதில் அவன் இன்னும் உட்கார்ந்து வாயை அசைத்துக்கொண்டிருந்தான். நிஜத் தம்பி குனிந்து, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, சலித்துக்கொண்டே நிமிர்ந்தான்.

"கறுப்பா இருக்கு. எத்தனை தடவை சொல்றது, அதுல வராது. குத்திக் குத்தி அந்த ஓட்டையையும் கெடுத்து வை."

"அப்போ என் கண்ணு பொய் சொல்லுதா?"

"காலைலேர்ந்து நாலு ஜன்னலப் பார்த்தா அப்படித்தான். எழுந்திரு, என் டைம்."

அவள் எழுந்துகொண்டாள். தனக்குக் கண் கெட்டுவிட்டதோ, இல்லை புத்திதான் பிசகிவிட்டதோ என்று அன்றிரவு முழுக்கப் பயந்தாள். அதை அவனிடம் சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு வேலையைத் திறந்தபோது படம் காத்திருந்தது. முதல் மானிட்டரில் விமானம் தவறியவர், பெட்டி தொலைந்தவர், மேலாளரைக் கூப்பிடு என்று கத்துபவர் என்று ஆளாளுக்கு அவளைக் கிழித்துக்கொண்டிருந்தார்கள். புது மெஷின் எல்லாவற்றையும் கொஞ்சமும் திக்காமல் நடத்திக்கொடுத்தது. எல்லா ஜன்னலையும் மூடிவிட்டு டீ குடிக்கும்போதுகூட விசிறி தணியவில்லை. ஆறு கோரில் எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஐந்து கோர்கள் சும்மா கிடந்தன. ஆறாவது மட்டும் விளிம்புவரை நிரம்பி, அசையாமல் நின்றது. எந்த வேலைக்காக என்று பட்டியலில் இல்லை.

அப்போதுதான் படத்தில் கதவு நேற்றைவிட அகலமாகத் திறந்திருப்பதைக் கவனித்தாள். நடையில் யாரோ நின்றார்கள். கதவின் மேல்சட்டத்தைவிட உயரம். தோள்வரைதான் தெரிந்தது, தலை சட்டத்துக்கு மேலே இருட்டில் இருந்தது. இரண்டு கைகளும் முழங்காலுக்குக் கீழே தொங்கின. தம்பி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருந்தான்.

அவள் விருட்டென்று திரும்பினாள். நடை காலியாக இருந்தது. கோணல்மாணலாய்க் கிடந்த செருப்பு, குடை, மூலையில் துடைப்பம். நனைத்துப் பிழியாமல் போட்ட துணியின் வாடை மட்டும் லேசாக அடித்தது. குளியலறையில் தம்பி எதையாவது ஊறப்போட்டு மறந்திருப்பான் என்று அதற்கும் அவனையே திட்டினாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டாள். பிராசஸரை விற்ற மனுஷன்.

"அந்த மாடல்ல படம் காட்டற பகுதியே இல்லம்மா," என்றார். "செத்தாலும் வராது."

"வருதுன்னு சொல்றேன்ல."

"வந்தா தூக்கிட்டு வாங்க. டிக்கெட் போட்டு ஊருக்கே காட்டலாம்." பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அவள் போனை வைத்தாள்.

புதன்கிழமை அது அறைக்குள் வந்திருந்தது. கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில், கூரையில் தலை இடிக்காமல் கழுத்தை மடக்கிக்கொண்டு நின்றது. அவள் பார்க்கும்போது அசையவே இல்லை. முதல் மானிட்டரில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பினால் ஒரு சாண் தூரம் குறைந்திருந்தது. பதினோரு மணிக்குப் பொறுக்க முடியாமல் கேபிளைப் பிடுங்கி எறிந்தாள். திரை கறுத்தது. விசிறி நிற்கவில்லை. இப்போது அது எங்கே நிற்கிறது என்று தெரியவில்லை, பார்த்துக்கொண்டிருந்ததைவிடத் தெரியாமலிருப்பது இன்னும் மோசமாக இருந்தது. கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை. மேசைக்கு அடியில் போய்க் கேபிளைத் திரும்பச் செருகினாள். ஈரத்துணி வாடை அங்கேயும் அடித்தது. நாற்காலியில் உட்கார்ந்தபோது அதன் முதுகு சில்லென்றிருந்தது.

அன்று மாலை தம்பி விளையாட உட்கார்ந்ததும் அவள் கதவருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். அவன் இரண்டு தடவை திரும்பி முறைத்தான். எதற்கு என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான்.

வியாழக்கிழமை அது நாற்காலிக்குப் பின்னால் ஒட்டி நின்றது. மேலே தலை திரைக்கு வெளியே போய்விட்டது. மார்பும் கைகளும் மட்டும். ஒரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது, விரல்கள் மறுபக்கம்வரை சுற்றி வந்திருந்தன. இன்றைக்குத்தான். அவளுக்கு அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. இன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இவன் எழுந்திருக்க மாட்டான்.

ஐந்து மணிக்கு அவன் வந்தான். பையைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னைக்கு நீ இங்க உட்காராத," என்றாள்.

"இன்னைக்கு செமிஃபைனல், அக்கா. ஆறு மாசமா இதுக்குத்தான் நாக்குத் தள்ள விளையாடறேன்."

"ஃப்ரெண்டு வீட்ல போய் விளையாடு."

"அவன் மெஷின்ல இந்த கேம் நகரவே நகராது. தெரிஞ்சேதான் சொல்ற."

அவள் அவன் கையைப் பிடித்தாள். பிடித்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. "டேய், சிரிக்காம கேளு. உன் பின்னாடி ஒண்ணு நிக்குது. நான் பார்க்கறேன். தினமும் கிட்ட வருது."

அவன் கறுப்புத் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சிரிக்கவில்லை, அதைவிட மோசமாகத் தலையை ஆட்டினான். "நல்ல கதை. மெஷின் உனக்கே வேணும்னா வேணும்னு கேளேன். எதுக்கு இவ்வளவு நாடகம்?"

கெஞ்சினால் போகமாட்டான். அவனை அசைக்க அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"ஆமா, எனக்குத்தான் வேணும். அம்மா போனதுலேர்ந்து உன்னச் சுமந்து சுமந்து முதுகு ஒடிஞ்சுபோச்சு. நீ ஒரு தண்டம். போ. எங்கயாவது போய்த் தொலை. உன் முகத்துல முழிக்கவே எனக்குப் பிடிக்கல."

அவன் அவள் பிடியிலிருந்து கையை விடுவித்துக்கொண்டான். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாம்," என்றான். தோளில் பையோடு அப்படியே திரும்பிப் போனான். ஹெட்போனை எடுக்கவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்தாள். வாசல் கதவைத் தாழிட்டு, அதன் மேலேயே சாய்ந்துகொண்டு அழுதாள். அவன் மேல் எவ்வளவு எரிச்சலோ அதைவிட நூறு மடங்கு பாசம், அது அவனுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். உயிரோடு இருந்து வெறுத்துக்கொண்டிருக்கட்டும்.

படத்தில் நாற்காலி காலியாகியிருக்கும். அதை மட்டும் ஒரு தடவை பார்த்துவிட்டால் மனசு அடங்கும். பின்னறைக்குப் போனாள். வெளியே வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. விசிறி இரைந்துகொண்டிருந்தது. அறை முழுக்க ஈரத்துணி வாடை. நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள்.

தம்பி இருந்தான்.

அதே டீ-ஷர்ட். அதே ஹெட்போன். பின்னால் அதே கைகள். அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது.

அவள் இப்போதுதான் அவன் கண்களைப் பார்த்தாள். விளையாடுகிறவன் பக்கத்து மானிட்டரைப் பார்க்க வேண்டும். இவன் அதைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் நனைந்திருந்தது. வாய் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி திறந்து மூடியது. திட்டவில்லை. கூப்பிடுகிறான்.

மானிட்டரின் விளிம்பில் ஹெட்போன் துளை ஒன்று இருந்தது. மேசையிலிருந்த ஹெட்போனை எடுத்தாள். செருகினாள். மாட்டிக்கொண்டாள்.

முதலில் விசிறிச் சத்தம். அப்புறம் அவன் குரல். கத்திக் கத்திக் கட்டிப்போன குரல்.

"கேட்குதா? அக்கா, கேட்குதா? திங்கட்கிழமையிலேர்ந்து கத்தறேன். என் பின்னாடி என்னத்தப் பார்க்கற, அங்க ஒண்ணும் இல்ல. உன் பின்னாடிதான். வாசப்படில நின்னுது, இப்போ உன் நாற்காலியப் பிடிச்சுட்டு நிக்குது. என்ன எதுக்கு வெளிய அனுப்பின? நான் வீட்ல இருக்கறவரைக்கும்தான் அது நகராம நிக்கும். அசையாத. திரும்பாத. அது முகத்தப் பார்த்துடாத."

மேசையில் போன் அதிர்ந்தது. ஒளிர்ந்தது. தம்பி என்று பெயர் காட்டியது. ஒரு தடவை. இரண்டு தடவை. கை எட்டும் தூரம்தான். அவள் கையை நகர்த்தவில்லை.

நாற்காலியின் முதுகு லேசாக முனகியது.

படத்தில் நீண்ட கைகள் இரண்டும் மேலே எழுந்தன. தம்பியின் தலைக்கு இரண்டு பக்கமும் இறங்கின. ஹெட்போனின் மேல் படிந்தன.

அவள் காதுகளின் மேல் அழுத்தம்.

ஈரம். குளிர். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

படத்தில் தம்பியின் தலை அசையவில்லை. அவள் தலை அசைந்தது. மெதுவாக. வலப்பக்கம். கழுத்தை இறுக்கினாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். பிடி வழுக்கியது. திரை பார்வையின் ஓரத்துக்கு நகர்ந்தது. கடைசியாகத் தெரிந்தது தம்பி. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான்.

சுவர். கதவின் விளிம்பு. நடை.

அவளும் கண்ணை மூடப் பார்த்தாள். முடியவில்லை. இமைகளை ஈரமான விரல்கள் விரித்துப் பிடித்திருந்தன. தலை இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது.